சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய சீரியல்

ஜமுனாமரத்தூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கும் வீட்டுக்காரர்களின் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மாணவர் விடுதியில் சமையல் வேலை முடித்து வந்து, குளித்துவிட்டு, ஏழரை மணிக்கு அந்தக் கூடத்தில் போய் உட்காருவேன். வீட்டுக்கார அக்காவின் கணவரை அண்ணன் என்பேன், போளூருக்கு வேன் ஓட்டுபவர். அவர் திரும்ப ஒன்பதாகும். அக்காவும் நானும் சீரியல் பார்ப்போம். பல வருஷமாக ஓடுகிற கதை. அதில் வரும் மாமியாரைக் கண்டாலே அக்கா, "இன்னா முழி முழிக்கிறா பாரு" என்பார். நான் சிரிப்பேன். யாரிடமும் வலியப் போய்ப் பேசத் தெரியாத எனக்கு அந்த ஊரில் அந்த அரைமணி நேரம்தான் துணை.

கொரோனா வந்தது. விடுதியை மூடினார்கள், வேனும் நின்றது. அக்கா வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கோச்சிக்காதம்மா. கொஞ்ச நாளு உள்ள வராத. இவருக்கு ஏற்கனவே இளைப்பு கீது, பயமா இருக்குது."

"சரிக்கா" என்றேன்.

அவர்கள் டிவி அந்தப் பொதுச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது, டிவி பேசுவது கேட்கும். ஏழரைக்குச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வேன். படப்பிடிப்பு இல்லாததால் முதலில் பழைய கதையையே மறுபடி போட்டார்கள். சத்தத்தை வைத்தே படம் முழுக்க எனக்குத் தெரிந்தது. சில மாதம் கழித்துப் புதுக்கதை தொடங்கியபோது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஆள் குறைந்திருந்தது. பெரியப்பா வெளியூரில் மாட்டிக்கொண்டாராம், எல்லாவற்றையும் போனிலேயே பேசினார். ஒரு கல்யாணம் நடந்தது. மேளம் கேட்டது, கூட்டத்தின் இரைச்சல் இல்லை. மாமியாரின் குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்டால் அந்த முழியும் தெரியும். தனியாகச் சிரித்துக்கொள்வேன். எப்போது மறுபடி உள்ளே கூப்பிடுவார்கள் என்பதே நினைப்பாக இருந்தது.

விடுதி திறந்து, வேனும் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள், துணி காயப்போடும்போது அக்கா சொன்னார்: "இன்னும் இன்னா பயம்? இன்னிக்கி வாம்மா."

புடவை மாற்றிக்கொண்டு போனேன். நான் உட்காரும் இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முன்பு சீரியல் என்றாலே திட்டுகிறவர். இப்போது ஏழு மணிக்கே வந்துவிடுகிறாராம். நான் கதவோரம் உட்கார்ந்தேன்.

மாமியாரின் குரல் கேட்டது. ஆனால் பேசியது யாரோ ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மா.

"இவங்க யாருக்கா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "ஏம்மா, ஆள மாத்தி வருஷம் ஆவுது. பழைய அம்மா பெங்களூருல மாட்டிக்கிச்சு. குரல் குடுக்கறவங்க மட்டும் அதே ஆளு."

"இவருக்குப் பதில் இவர்னு எழுத்து போட்டானே. இத்தினி நாளா நீ பாக்கவே இல்லியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா" என்றேன். சுவரோரம் உட்கார்ந்து கேட்டதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"இப்ப பாரு, சாவிய ஒளிச்சி வெப்பா" என்றார் அண்ணன்.

"நீ வாய மூடு, நானே பாத்துக்கறேன்" என்று அக்கா அவர் தொடையில் அடித்தார். இருவரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். தலைவலி என்றேன். அதற்கு மறுநாளும் அதையே சொன்னேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. இப்போது ஏழரை ஆனால் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறேன். அங்கே எதுவும் கேட்காது.