மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

உம்மாவின் உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அலுமாரியைத் திறந்த அன்றுதான் வாப்பாவின் சவர பிளேட் பக்கெட்டுகள் இரண்டைக் கண்டேன். இரண்டும் பிரிக்கப்படாமல், தூசி படிந்து கிடந்தன. தாடிக்கு மேலே கன்னத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வழித்துக்கொள்ளும் மனிதர் அவர். மனைவியை இழந்தவர், சவரத்தையும் விட்டுவிட்டார் போலும் என்று நினைத்தேன். ஆனால் முன்விறாந்தைக் கதிரையில் அமர்ந்திருந்த அவருடைய கன்னத்தில் முள்ளுமுடிகூட இல்லை. அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, ஒன்றும் யோசிக்கவில்லை.

கண்டக்குழியில் வாப்பாவுக்கு இரண்டு மீன்பிடி போட்டுகள் இருந்தன. கரையில் நின்று அவர் கூப்பிட்டால் நாலு மீன்வாடி தள்ளிக் கேட்கும். உம்மாவின் ஜனாஸா எடுத்த அன்று அந்தக் குரலும் இல்லை, கண்ணீரும் இல்லை. அடக்கிவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பிறகு கரைக்குப் போவது நின்றது. எனக்கு மூத்தவனான காக்கா போட்டுகளைப் பார்த்துக்கொண்டான். கவலை என்றார்கள் அக்கம்பக்கத்தார். பொறுமையாக இருந்து சபுர் செய்யச் சொன்னார் மௌலவி. "அறுபத்தாறு வயசு, இனி அப்பிடித்தான்" என்றான் காக்கா. நான் குடியிருந்த மதுரங்குளியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருவேன். சமைத்து வைத்துவிட்டுப் போவேன். நானும் அழவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் இரண்டு மரத் தளபாடம்போல இருந்தோம்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. சின்ன விழுகைதான். மாவுக்கட்டுப் போட்ட டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த மெல்லிய எலும்பு ஆம்பிளைக்கு இருக்கக்கூடாதே" என்றார். இரத்தமும் குறைவாக இருந்தது. புத்தளத்தில் ஒரு விசேட வைத்தியரைப் பார்க்கும்படி கடிதம் கொடுத்தார்.

விசேட வைத்தியர் வாப்பாவின் முழங்காலையும் கைகளையும் பார்த்தார். எப்போதிருந்து ரோமம் உதிர்ந்தது என்று கேட்டார். வாப்பாவுக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்கு முன் என்னைப் பார்த்து, "மகள் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் டொக்டரின் குரல் மட்டும் கேட்டது.

காலையில், சாப்பிடுவதற்கு முன் இரத்தம் எடுக்கவேண்டும். ஒரு தடவை போதாது, சில கிழமை கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்றார்கள். இரண்டு முறையும் ஆறு மணி பஸ்ஸில் போனோம். பாலாவிவரை வாப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். தலையையும் ஸ்கேன் செய்தார்கள். மூளைக்குக் கீழே உள்ள சுரப்பியில் கட்டி ஒன்றும் இல்லை.

கடைசியில், வாப்பாவின் சம்மதத்தோடு, டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன் உடம்பில் மிகவும் குறைந்துவிட்டது என்றார். "வயசு போனா எல்லாருக்கும் கொஞ்சம் குறையும். இது அந்தக் குறைவில்ல, ஒரு நோய், வருத்தம். களைப்பு, எலும்பு, ரோமம், ஒண்டிலயும் மனம் போகாதது, எல்லாத்துக்கும் இதில பங்கு இருக்கு. மூண்டு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டுப் பாப்பம்."

"உம்மா மவுத்தானதாலயா டொக்டர்?"

"இல்ல. எலும்பு இவ்வளவு தேய நாலஞ்சு வருசமாவது போயிருக்கும்."

நாலைந்து வருடம். அப்போது உம்மா உயிரோடு இருந்தா.

அந்தக் காலத்தில் ஒரு நாள், என் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா தலை நிமிராமலே சொன்னா: "வாப்பாக்கு என்னைப் புடிக்காமப் போச்சு மகள். பக்கத்தில இருக்கார், ஆனா இல்ல." எனக்கு வெட்கமும் எரிச்சலும் வந்தது. "இந்த வயசில என்ன கதை உம்மா இது" என்றேன். உம்மா மீனைக் கழுவப் போய்விட்டா. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு ஊசியால் சரிப்படக்கூடிய வருத்தத்தைத் தன் குறை என்று நினைத்தபடியே மவுத்தாகிவிட்டா. டொக்டரின் மேசைக்கு முன்னால் இதை நினைத்தபோது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மருந்துத் துண்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஊசி போடுவதற்கு முன் புரஸ்டேட்டுக்கும் ஒரு சோதனை செய்தார்கள். இரத்தம் தடிக்கலாம், அதனால் வந்து வந்து பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். "இது வாலிபம் தர்ற மருந்தில்ல. கவலைக்கும் மருந்தில்ல. குறைஞ்சத நிரப்புறம், அவ்வளவுதான்."

முதல் ஊசிக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு, வலையைத் தாறுமாறாகக் குவித்த யாரையோ வாப்பா கரையில் நின்று ஏசினார் என்று காக்கா போனில் சொன்னான். அவனுக்குச் சந்தோசம்.

அடுத்த கிழமை வாப்பா தனியாக பஸ் ஏறி மதுரங்குளிக்கு வந்தார். சோறு வைத்தேன். இரண்டு கவளம் சாப்பிட்டவர் கையைச் சோற்றுப் பீங்கானிலேயே வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். சத்தமாக, தோள் குலுங்க. மருந்தோ, காலமோ, எனக்குத் தெரியாது. உம்மாவுக்காக அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் என்ன பிழ செஞ்சன் எண்டு ஒருக்கா உம்மா என்னட்டக் கேட்டா, மகள். ஒண்டுமில்ல எண்டு சொல்லிட்டு மத்தப் பக்கம் திரும்பிட்டன். எனக்கே விளங்கல்ல, அவக்கு என்னத்தச் சொல்ல?" பிறகு கேட்டார்: "உங்கட்ட ஏதும் சொன்னாவா?"

"இல்ல வாப்பா. ஒண்டும் சொல்லல்ல."

என் முகத்தையே பார்த்தார். நம்பினாரோ தெரியாது. இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்கவில்லை. அன்று நான் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.