மூன்று வீட்டுக்கு ஒரு சொல்

நான் வேலைக்குப் போகும் பேருந்து தினமும் ஓரிடத்தில் நிற்கிறது. யாரும் ஏறுவதில்லை, யாரும் இறங்குவதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, மழையை உள்ளே வரவேற்று, மூடிக்கொண்டு புறப்படுகிறார். அங்கே இருப்பவை: வீடுகள் மூன்று, கல்லாலான சிறு தேவாலயம் ஒன்று, தபால்பெட்டி ஒன்று, சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்று, ஊர்ப்பெயர்ப் பலகைகள் இரண்டு. ஊர் தொடங்குகிறது என்று சொல்ல ஒரு பலகை, முடிந்துவிட்டது என்று சொல்ல இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தும்மினால் ஊரைத் தவறவிட்டுவிடுவோம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு மாவட்ட அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தூத்துக்குடியில் செய்த வேலையேதான்: நிலப்படம் வரைவது, ஊர்களைப் பட்டியலிடுவது. டவுன், வில்லேஜ், ஹாம்லெட் என்று மூன்று படி இறங்கினால் தரை வந்துவிடும் என்றுதான் நாசரேத்தில் படித்தபோது நினைத்திருந்தேன். இவர்கள் அதற்கும் கீழே ஒரு நிலவறை தோண்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கிளாஹன். நாலைந்து கல்வீடுகளும், பெரும்பாலும் ஒரு தேவாலயமும் சேர்ந்து கிடக்கும் இடம் என்று பொருள். இங்கிலாந்துக்காரர்கள் பலருக்கே தெரியாத சொல். எத்தனை வீடு இருந்தால் இதைப் பயன்படுத்தலாம் என்று தலைமை வரைவாளர் மக்லியடிடம் கேட்டேன். ஒரு வீட்டுப் புகையைப் பார்த்து இன்னொரு வீடு வம்பு பேச முடிந்தால் போதும் என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பேருந்து நிற்கும் இடம் என் பட்டியலில் வந்தது. "மூன்றில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா?" என்றேன். தேவாலயத்தை இடிக்கலாமா என்று கேட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். "இது மீன் காலம். வேறு கரைக்குப் போயிருக்கிறார்கள். வருவார்கள்" என்றவர், பேனாவை எடுத்து அவரே கிளாஹன் என்று எழுதினார். எனக்குக் காது சுட்டது.

காரணம் இதுதான். தூத்துக்குடியில் துறைமுக வேலை மும்முரமாக நடந்த நாட்களில், தெற்கே கடலோர ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் போடப் பட்டியல் எடுத்தோம். ஆலந்தலைக்கும் அப்பால் ஒரு குடியிருப்பில் முப்பத்திரண்டு ஓலை வீடுகள். எல்லா வாசலிலும் தட்டி இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு மனிதரும் இல்லை. படிவத்தில் இருந்த விதிப்படி 'தற்காலிகக் குடிசைகள்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். குழாய் அதற்கு இரண்டு மைல் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் ரோசலி என்ற பெண் அந்த ஊரிலிருந்து அலுவலகம் தேடி வந்தார்.

"ஏளா, எங்க ஊரு இல்லன்னு எழுதுனது நீதானா?"

"ஆளே இல்லையே அக்கா. எல்லாம் கட்டிக் கிடந்துச்சே."

"சங்கு குளிக்கிற காலத்துல எவ ஊருல இருப்பா? குடும்பத்தோட இங்கனதான் வந்து கிடப்போம். நீ எங்களத் தேடி அங்கன போயிருக்க, நாங்க உன் ஆபீசுக்குப் பின்னாலல்லா கிடந்தோம்! ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்போமே."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ரோசலி சிரிக்கவில்லை. "எங்க ஊரு மாதா கோயிலு கல்லுக் கட்டடம். அதையும் சங்கு குளிக்கக் கூட்டிட்டு வந்துட்டோம்னு நெனச்சியோ? ரெண்டு மைலு குடம் சுமக்கேன், வயித்துல புள்ளையோட" என்றார். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினேன். படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் எவ்வளவு சரளமாக வருகிறது, பாருங்கள்.

மக்லியட் கிளாஹன் என்று எழுதிய அன்றே, ரோசலியின் ஊருக்குத் திருத்தம் கேட்டுப் பழைய அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. திருத்தலாம். ஆனால் முதலில் எழுதியவரே நேரில் வந்து, வீடு வீடாக எண்ணி, கையொப்பமிட வேண்டும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவளை வரச்சொல்கிறோமே என்ற கூச்சம் ஒரு வரியிலும் இல்லை. நான்தான் கூச்சப்பட வேண்டியவள் என்பதால் விடுப்புப் படிவத்தை வாங்கினேன்.

விடுப்பில் தங்கும் முகவரி என்ற இடத்தில் எங்கள் சாத்தான்குளத்து வீட்டை எழுதவில்லை. ரோசலியின் ஊரை எழுதினேன். சங்குக் காலம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் மாதமாகத் தேதியும் போட்டேன்.

"இது என்ன ஊர்?" என்றார் மக்லியட்.

"கிளாஹன்."

"எத்தனை வீடு?"

"முப்பத்திரண்டு. கல்கோயில் ஒன்று."

"அவ்வளவு பெரிய ஊரா!" என்று கையெழுத்திட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி, நிரந்தர முகவரி என்ற வரி காலியாக இருப்பதைக் காட்டினார். அதை மட்டும், பிறகு அழித்து எழுத வசதியாக, பென்சிலால் நிரப்பலாமா என்று கேட்டேன்.