என் முகத்துக்கு ஒரு குரல்

என் கணவர் இறந்து ஏழு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். புதுச்சேரியில் உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சினிமா இயக்குநரின் பெயரைச் சொல்லி, தான் அவருடைய மகள் என்றாள். பெயர் எனக்கு உடனே பிடிபட்டது. இருந்தாலும் "யாருங்க?" என்று இன்னொரு தரம் கேட்டேன். அந்த மாதங்களில் எதையும் இரண்டு தரம் கேட்டால்தான் எனக்குள் இறங்கும்.

"அப்பா படத்துல நடிச்சீங்க இல்ல மேடம்? ஃபுட்பால் ப்ளேயர் கதை. அவரோட வைஃபா வருவீங்களே."

"நடிச்சேன். ஆனா படத்துல நான் இல்லியே."

"இப்ப இருக்கீங்க மேடம்," என்றாள்.

அவள் சொன்ன படம் ஒருவருடைய வாழ்க்கைக் கதை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊர் மில்லில் தறி ஓட்டிக்கொண்டே பந்தாடி, கப்பல் ஏறிப் போய் ஆடுகிற அளவுக்குப் பேர் எடுத்து, முழங்கால் கெட்டுப்போனபின் மறுபடி மில் வாசலில் வந்து நின்றவர். படம் எடுத்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. இந்த ஆபீஸ் வேலை கிடைப்பதற்கு முன்பு, ரெட்டியார்பாளையத்தில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தேன். கல்லூரியில் நாடகம் போட்டதுண்டு. மனைவி வேடத்துக்கு மெட்ராஸ் பேச்சு வேண்டாம், புதுச்சேரிப் பேச்சுதான் வேண்டும் என்று இயக்குநர் ஆள் தேடியபோது யாரோ என்னைக் கைகாட்டினார்கள். பதினோரு நாள் நடித்தேன். அப்போதெல்லாம் படம் எடுக்கும்போது பேசுவது படத்தில் வராது, பிறகு டப்பிங்கில்தான் பேச வேண்டும். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. அதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

படம் வந்த அன்று என் கணவர் அவர் வீட்டு ஆட்களையெல்லாம் இரண்டு ஆட்டோவில் ஏற்றித் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். மின்துறையில் லைன்மேன் வேலை. அன்றைக்கு லீவு போட்டிருந்தார். படத்தில் ஒரு பெண் குடத்தோடு முதுகு காட்டிப் போனாள். இன்னொரு இடத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை சொம்பை நீட்டியது. அவ்வளவுதான் நான். என் நாத்தனார் இடைவேளை வரைக்கும் "எப்ப அண்ணி வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இடைவேளைக்கு அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். திரும்பி வரும்போது யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என் கணவர் சொன்னார்: "சொம்பு குடுத்த கை நீதான? எனக்குத் தெரிஞ்சிடுச்சு." அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் நாங்கள் இருவரும் அந்தப் படத்தின் பேச்சை எடுத்ததில்லை.

இயக்குநரின் மகள் விவரமாகச் சொன்னாள். அப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது, அவர் முதலில் வெட்டி ஒட்டிய முழுப் படமும் தகரப் பெட்டிகளில் கிடைத்ததாம். நீளம் அதிகம் என்று விநியோகஸ்தர் சொல்லிக் குறைப்பதற்கு முந்தைய படம். பழைய படங்களை டிஸ்க்கில் போட்டு விற்கிற பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று அதைக் கேட்கிறது. கீறலெல்லாம் நீக்கி, நிறத்தைச் சரிசெய்தாகிவிட்டது. ஆனால் நீக்கிய காட்சிகளுக்குக் குரலே கிடையாது. டப்பிங்குக்கு முன்பே வெட்டிவிட்டதால் யாரும் அவற்றுக்குப் பேசியதே இல்லை.

"ஹீரோ சார் சென்னையில பேசி முடிச்சிட்டாரு. நீங்க மட்டும்தான் பாக்கி மேடம்."

சரி என்றேன். ஆசையால் இல்லை. முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் ஸ்டுடியோ இருந்தது. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். இயக்குநரும் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, காதில் மெஷின். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காரும்மா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றார்.

"அவரு போயிட்டாரு சார். ஏழு மாசம் ஆவுது. பொண்ணு பெங்களூர்ல இருக்கா."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நான் மறுபடி சொல்லவில்லை.

மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஆபீசில் ஒரு ஃபைல் எங்கே என்று கேட்பதுபோல நான் கேட்டேன்: "ஏன் சார் என்னை மட்டும் எடுத்துட்டீங்க?"

இது அவருக்கு நன்றாகக் கேட்டது. "நாப்பது நிமிஷம் கொறைக்கணும்னு சொல்லிட்டாங்க. எங்க கை வெச்சாலும் கதை ஒடையுது. உன் சீனை எடுத்தா மட்டும் எதுவும் ஒடையல. அதாம்மா."

"அப்படியா சார்," என்றேன். அதில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். அவர் சொன்னது புரிந்தது, அவ்வளவுதான்.

திரையில் அவள் வந்தாள். அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டி இருக்கு மேடம், உங்களையே பாக்க?"

"ஒல்லியா இருக்கேன்," என்றேன். வேறு எதையாவது எதிர்பார்த்தாள் போல. திரையில் இருக்கும் அந்தப் பெண் இன்னும் என் கணவரைச் சந்திக்கவில்லை என்று மட்டும் எனக்குத் தோன்றியது. ஒரு படிவத்தில் தேதி பார்ப்பதுபோல அதைப் பார்த்தேன்.

வசனத் தாள் எதுவும் கிடைக்கவில்லை. இயக்குநருக்கும் ஞாபகம் இல்லை. என் வாயைப் பார்த்து நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு துண்டையும் பத்துத் தடவை, இருபது தடவை ஓட்டினார்கள். உதடு ஒட்டினால் அங்கே 'ப'வோ 'ம'வோ இருக்க வேண்டும். "மில்லு சங்கு ஊதிட்டான், இன்னும் படுத்துனு கீறியே" என்கிற வரி தானாக வந்துவிட்டது. மற்றதை இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து மீட்டோம்.

ஒரு வரி மட்டும் வரவில்லை. முழங்கால் கெட்டு, மில்லிலும் சேர்த்துக்கொள்ளாமல் ஆட்டக்காரர் வீட்டுக்கு வருகிறார். அவள் பாதி திரும்பியபடி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கன்னம் அசைவதுதான் தெரியும். மகள் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். "வந்துட்டீங்களா?" நீளம் போதவில்லை. "கவலப்படாதீங்க." கன்னம் வேறு மாதிரி அசைந்தது. கடைசியில் நான் மைக்கில் சொன்னேன்: "சாப்ட்டுட்டு படுங்க."

பொருந்தியது. சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினார். "ஞாபகம் வந்திடுச்சா மேடம்?" என்றாள் மகள்.

வந்துவிட்டது என்று சொன்னேன். வரவில்லை. அது என் வீட்டு வரி. ஷிப்ட் முடிந்து என் கணவர் வரும்போதெல்லாம் சொன்னது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், அவரால் சாப்பிட முடியாதபோதும் வாய் பழக்கத்தில் சொன்னது.

குரல்தான் சிக்கல். வாய் பொருந்தியது, வயது பொருந்தவில்லை. "கொஞ்சம் எளசா பேசுங்க மேடம்," என்றார் இன்ஜினியர். பேசினேன். அப்புறம் மெஷினில் என் குரலை ஏற்றிப் பார்த்தார். "எலி பேசற மாதிரி இருக்குயா," என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மகள் போன் செய்தாள். ரொம்பத் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க மேடம். சென்னையில ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட வெச்சு, நீங்க பேசுனத அப்படியே கேட்டுக் கேட்டுப் பேச வெச்சிட்டோம். அந்தத் திரும்பி நிக்கற வரி மட்டும் உங்க குரல்லயே விட்டுட்டோம். மூஞ்சி தெரியலைல்ல, அதனால வித்தியாசம் தெரியல."

"பரவால்லமா," என்றேன். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து டிஸ்க் தபாலில் வந்தது. கெட்டி அட்டைப் பெட்டி, உள்ளே பழைய படமும் புதிய நீளப் படமும். என்னிடம் அதைப் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார், எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், காலமாகிவிட்டார், பிள்ளைகள் பாரிசில். அவர்கள் லீவுக்கு வந்தபோது வாங்கிவைத்த ப்ளேயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்தபின் என்னைக் கூப்பிட்டார்.

"பொன், வா வா," என்றார்; 'சரி' என்பதை எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வார். "நீ சினிமா ஆக்ட்ரஸ்னு ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட."

காபி போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ஓடிய பிரெஞ்சு வரிகளை மூக்குக்கண்ணாடி வழியே படித்துக்கொண்டே பார்த்தார். நான் வந்ததும், "அழகா இருந்திருக்கியே. ஆனா இது உன் குரல் இல்லியே?" என்றார். இல்லை என்றேன். அந்தத் திரும்பி நிற்கிற இடம் வந்தபோது அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் குரல் வந்தது, போனது. நான் எதற்காகவோ காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. காபி ஆறிவிட்டிருந்தது.

படம் முடியப் போகும்போது ஒரு காட்சி வந்தது. அதில் வசனம் இல்லை, அதனால் ஸ்டுடியோவில் எனக்குக் காட்டவில்லை. எடுத்ததையே நான் மறந்திருந்தேன். கெட்டுப்போன அந்த முழங்காலோடு ஆட்டக்காரர் கடைசி ஆட்டத்துக்குக் கிளம்புகிறார். நான் பழைய புடவையைக் கிழித்து, மண்டி போட்டு, அவர் முழங்காலைச் சுற்றிக் கட்டுகிறேன். இறுக்கமாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறேன். அவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

"மதாம், அந்தப் பழைய படத்தக் கொஞ்சம் போடறீங்களா? கடைசி ஆட்டம் வர்ற எடம்."

தேடிப் போட்டார். நான் இல்லாத படத்தில் அவர் தெருவில் தனியாக நடந்து போனார். அடுத்து மைதானத்தில் இறங்கினார். முழங்காலில் அந்தப் புடவைத் துணிக் கட்டு இருந்தது.

ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது உடம்பு சூடாக இருந்தது. காய்ச்சலோ என்று கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். கோபம். அது கோபம் என்று தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனை எடுத்து இயக்குநர் வீட்டுக்கு அடித்தேன். மகள் எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"சார், என் சீனை எடுத்தா எதுவும் ஒடையலன்னீங்களே. பழைய படத்துல அவரு கால்ல கட்டு கீது. அந்தக் கட்ட யாரு போட்டா?"

அவருக்குக் கேட்கவில்லை. மகள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். "கட்டா?" என்றார். "ஆமா, கட்டு இருக்கும். அத யாரும் கேக்கலம்மா."

"நான் கேக்கறேன் சார். யாரு போட்டா?"

என் சத்தத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

"நீதாம்மா போட்ட," என்றார்.

போனை வைத்துவிட்டேன். பக்கத்து சீட் அம்மா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்து, "இன்னா ஆச்சு?" என்றார். ஒன்றுமில்லை, பழைய விஷயம் என்றேன்.

கோபம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அது இறங்கியபோது பசித்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டேன். சால்னாவில் காரம் அதிகம் என்று தெரிந்தது. இன்னொரு செட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது மறுபடி எனக்குள் எதுவும் இல்லை, கோபம்கூட. தண்ணீர் பிடித்து வைத்தேன். குளித்தேன். ஒன்பது மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பினேன்.