ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டிய அட்டை

துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டினால் கூர் போய்விடும். தையல்காரன் வீட்டுப் பூனைக்கும் இது தெரியும். என் மனைவிக்கும் தெரியும். தெரிந்தேதான் பதினாறு வருடங்களுக்கு முன் என் ஜிக்ஜாக் கத்தரியை எடுத்துப்போய் அட்டை வெட்டிவிட்டு வந்தாள். துணி ஓரம் பிரியாமல் பல் பல்லாக வெட்டுகிற கத்தரி அது. திரும்பி வரும்போது ஒரு பல் உடைந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"ஆபீஸ் கத்தரி மொக்கைங்க. சேர்ந்து ரெண்டு வாரம்கூட ஆகல, புதுசு குடுங்கன்னு எப்படிக் கேக்கிறது?" என்றாள்.

அவளுக்கு மியூசியத்தில், பூச்சி அறையில் வேலை. செத்த பூச்சியை அட்டையில் ஒட்டி, அட்டையில் ஊசி குத்தி, பெட்டியில் அடுக்க வேண்டும். "ஊர்ல எல்லாரும் ஈ ஓட்டுவாங்க, என் தங்கச்சி ஈ ஒட்டுறா" என்று மச்சான் இன்றைக்கும் கேலி பேசுகிறார். பேசிவிட்டுப் போகட்டும். அவள் ஒட்டின பூச்சியைப் பார்க்கக் கடல் தாண்டி ஆள் வருகிறது. அவர் கடைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதே அபூர்வம்.

அந்தப் பெட்டிகளில் அவளுக்குப் பிடித்தது லேஸ் பூச்சி. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கிற ஜந்து, அரைப் பருக்கை அரிசிகூட இருக்காது. ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். அடேயப்பா! வாழ்நாளெல்லாம் லேஸ் வைத்துத் தைத்தவன் நான், அப்படி ஒரு லேஸைப் பார்த்ததில்லை. இறக்கை முழுக்கக் கண்ணாடிச் சன்னல்கள். தலைமேல் ஒரு முக்காடு. தோளுக்கு இரண்டு பக்கமும் பட்டை. நெற்றியில் முட்கள். நாலு துண்டாக உணர்கொம்பு. முள் எத்தனை, முக்காடு எவ்வளவு உயரம், இறக்கை ஓரத்தில் சன்னல் எத்தனை வரிசை என்று எண்ணித்தான் எது எந்தப் பேரினம் என்று பிரிப்பார்களாம். பேரினம் என்றால், ஒரே குடும்பத்துக்குள் தனிக்குடித்தனம் போனவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி அறைத் தலைவர் அப்படி ஒரு தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர். அவருடைய லேஸ் பூச்சிக்கு இறக்கை ஓரத்தில் சன்னலே இல்லை, பட்டையாக அடைத்திருந்தது. அதனால் அது புதுப் பேரினம் என்று எழுதினார். உலகத்திலேயே அந்தப் பூச்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவருடைய பெட்டியில்.

போன வருடம் மியூசியத்தில் படம் வரைகிறவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிமேல் என் மனைவிக்குப் பத்து வருட ஆசை. நான் துணி அளவு எழுதும் நோட்டில் பின்பக்கமெல்லாம் பூச்சிக் கால்தான். தலைவர் அவளைக் கூப்பிட்டு, "என் பூச்சிய வரைஞ்சு காட்டும்மா. நல்லா வந்தா நாற்காலி உனக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, நம்ம ஜிக்ஜாக் கத்தரியில ஒரு பல்லு ஒடைஞ்சிருக்குல்ல?"

"நீ ஒடைச்சதுதானே. அதுக்கென்ன இப்போ?"

"அந்த ஒடைஞ்ச பல்லோட தடம் சாரோட பூச்சிக்குக் கீழே, அட்டை ஓரத்துல இருக்குங்க. அந்த அட்டையை வெட்டினது நான். ஒட்டினதும் நான்தான்."

விஷயம் இதுதான். புதிதாகச் சேர்ந்தபோது, பூச்சி விழுந்துவிடுமோ என்று பயந்து இரண்டு பக்கமும் பசையை அப்பியிருக்கிறாள். அது இறக்கை ஓரத்தில் ஏறிக் காய்ந்து, தூசி படிந்து, இறக்கை நிறமாகவே மாறிவிட்டது. சன்னல் இல்லாத பூச்சி அல்ல அது. சன்னலைப் பசை அடைத்த பூச்சி. பூச்சியோடு குத்திவைக்கும் சீட்டில் ஒட்டியவர் பெயரை எழுதுவதில்லை. அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, இப்போது எனக்கும்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே. இருக்கிறபடி வரைஞ்சு குடுத்துட்டு நாற்காலியில உக்காரு. பூச்சி வந்து கேஸா போடப்போகுது?"

"நாளைக்கு யாராவது இந்தப் பூச்சியக் காட்டுல தேடுவாங்கல்ல? இலை இலையா புரட்டிப் பாப்பாங்க. என் பசையத் தேடிக்கிட்டு ஒருத்தர் அலையணுமா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் தலைவர் அவளிடம் பேசவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று நான் தையல் மெஷினை ஓங்கி ஓங்கி மிதித்தேன். நாலாம் நாள் அவர் பெட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"ஒட்டின கையே கழுவட்டும்."

ஒரு கொம்பு முறிந்தாலும் போச்சு, வேறு பூச்சி கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டு, ஒற்றை முடித் தூரிகையால் அரை நாள் தடவியிருக்கிறாள். முதலில் ஒரு சன்னல் திறந்தது. பிறகு ஒன்று, இன்னொன்று. கடைசியில் இரண்டு வரிசை, ஏற்கெனவே பெயருள்ள ஒரு பேரினத்துக்கு இருப்பதுபோலவே. தனிக்குடித்தனம் போனது பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது.

தலைவர் லென்ஸிலிருந்து முகத்தை எடுக்க வெகுநேரம் ஆனதாம். "இத்தனை வருஷமா பாத்தேனேம்மா. பசைன்னு ஒரு தடவைகூடத் தோணலையே" என்றார். பிறகு, "சன்னலை எண்ணி வரை. நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோ" என்றார்.

தன் பேரினத்தைத் தானே ரத்து செய்து அவர் கட்டுரை எழுதினார். இரண்டாவதாக என் மனைவி பெயரையும் போட்டார். அவள் அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அடம் பிடித்தாள். அவரே வேண்டாம் என்றார். நான் வீட்டில் குதித்தேன்: "மொதல்மொதல்ல பேர் அச்சுல வருது, குத்தத்தோடயா வரணும்?"

"வேலையும் என்னுது, குத்தமும் என்னுது. பேர் மட்டும் தனியா வருமா?" என்றாள். என் பெண்டாட்டி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் தப்பிக்க முடியாது. அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டாமல் ஒருவரையும் விடுவதில்லை: "சன்னல்களை மறைத்த பசையை வைத்தவர் இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்."

"யாருங்க அது?" என்பார்கள்.

"என் வீட்டுக்காரி" என்பேன். பிறகு ஆணியிலிருந்து உடைந்த பல் கத்தரியை எடுத்துக் காட்டுவேன். "இது அவ அட்டை வெட்டின கத்தரி."