முதல் வரிசை நாற்காலி

கோபமாக ஜெபித்தாலும் கேட்கிற கர்த்தருக்கு முதலில் நன்றி. இந்தச் சாட்சியையும் கோபமாகத்தான் எழுதுகிறேன். சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சாந்தி. முடிச்சூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஒரு காலத்தில் எத்தனையோ பேருடைய நம்பர் என் தலைக்குள் இருந்தது. போன வருடம் ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு, ஆராதனையில் வேதம் வாசித்தபோது ஒரே பத்தியைத் திரும்பவும் வாசித்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோதுதான் புரிந்தது.

அதன் பிறகு வாசிக்க என்னைக் கூப்பிடவே இல்லை. பல வருடமாக நான் செய்த ஊழியம் அது. அதற்குப் பதிலாக முதல் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எல்லாரும் எழுந்து பாடும்போது நானும் எழுந்தால், பக்கத்தில் நிற்கும் கிரேஸ் என் தோளைப் பிடித்து அழுத்துவாள். "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க. டென்ஷன் ஆகாதீங்க." என் கால் நன்றாகத்தானே இருக்கிறது!

டாக்டரிடம் போனோம். அவரும் என் மகன் டேனியலைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மாவுக்கு லேசான மறதிதான். அவங்க வேலையை அவங்களே பாத்துக்கலாம். ஆனா தினமும் வேகமா நடக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும்." மகன் நன்றாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்ததும், "தெருவுல தண்ணி லாரி ஓடுதும்மா. வழி மறந்துட்டா என்ன பண்றது? பேசாம உக்காந்து டிவி பாருங்க" என்று கேட் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையே என்னைப் பூட்டி வைக்கிறான்!

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முழங்கால்கூடப் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்: "ஆண்டவரே, எல்லாரும் என்னை உட்கார வைக்கிறார்கள். நீருமா? கூட நடக்க ஒரு ஆளைத் தாரும். இல்லாவிட்டால் தனியாகப் போவேன். வழி தவறினால் நீரே பொறுப்பு."

மறுநாள் காலை மாடி வீட்டு மும்தாஜ் வந்து நின்றாள். "அக்கா, சுகர் ஏறிடுச்சு. வாக்கிங் போகச் சொல்லி டாக்டர் திட்றாரு. தனியா போக பேஜாரா இருக்கு. கூட வர்றீங்களா?" இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் கூப்பிட்டதே இல்லை. மகன் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

அவள் நடப்பதே ஓடுகிற மாதிரி இருக்கும். பூங்காவைச் சுற்றி வருவதற்குள் எனக்கு இரைத்தது. "கொஞ்சம் நில்லுடி" என்றேன். "திட்ட முடியுதில்ல? அப்ப நடங்கக்கா" என்றாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கிப் பார்த்தேன். பல்லவியே முடியவில்லை. சரியான வேகம்தான்! அன்றிலிருந்து தினமும் நடக்கிறோம்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஆனால் மறதி கூடவில்லை, கவனம் தேறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார். கேட் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது.

பாஸ்டரிடம் போய் வாசிப்பைத் திரும்பக் கேட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம் சிஸ்டர்" என்றார். "இந்த வாரமே, பாஸ்டர்" என்றேன். அந்த ஞாயிறே வரியின்மேல் விரலை வைத்து, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் திருப்பாமல் வாசித்தேன். ஆமென் சொல்லிவிட்டுத்தான் விரலை எடுத்தேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது மறதி தொடங்கியிருந்தால் விசுவாசத்தோடு ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, டாக்டரைக் கேட்டு, அவர்களோடு நடங்கள். கோபம் வந்தால் அதையும் கர்த்தரிடமே கொட்டுங்கள். அவர் தாங்குவார். கிரேஸுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்த நாற்காலியை எடுத்துவிடாதேம்மா. பாட எழுந்து நிற்கும்போது என் கைப்பையை வைக்க ஒரு இடம் வேண்டாமா?