துண்டில் அச்சடித்த கடை

கீஜாங் கடற்கரையில் கடற்பாசி காயவைத்து விற்கும் மல்சுன்னுக்குக் கடை என்றால் கூடை, தராசு, கத்துவதற்கு ஒரு தொண்டை, அவ்வளவுதான். மகள் யுன்ஹே சியோல் வேலையை விட்டுவிட்டு வந்து, அதே பாசியை இணையத்தில் விற்கக் கடை திறந்தாள். முகப்பில் அம்மாவின் படம். கூடையும் கையுமாக, பல்வலிக்காரி போல ஒரு சிரிப்பு. இந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் ஒருவரும் வாங்கவில்லை என்று மல்சுன் முடிவே கட்டிவிட்டாள்.

"சுசோக் பண்டிகை வரைக்கும் பாப்பேம்மா. அப்பவும் ஈ ஓட்டினா சியோலுக்கே போயிடறேன்" என்றாள் யுன்ஹே.

மல்சுன் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எத்தனையோ காலம் சுவரோடு பேசிக்கொண்டிருந்த வீட்டில் இப்போதுதான் பதில் சொல்ல ஓர் ஆள் வந்திருக்கிறது.

"விளம்பரத்த எங்கிட்ட விடு" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே விளம்பரம் துண்டு. குழந்தைக்கு முதல் பிறந்தநாளா, ரொட்டிக்கடை திறப்பா, அந்த ஊரில் பேர் அச்சடித்துத் துண்டு கொடுத்துவிடுவார்கள். கடை மூடிப் போனாலும் துண்டு போகாது. மஞ்சள் துண்டுகளில் கடைப்பெயரையும், போனைக் காட்டினால் கடை திறக்கும் அந்தக் கறுப்புக் கட்டத்தையும் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குளியல் வீட்டில் கொண்டுபோய் வாரி இறைத்தாள்.

பெண்கள் ஆசையாக வாங்கினார்கள். இரு ஓரமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். கடைப்பெயர் கொம்புக்குள் போய்விட்டது. கறுப்புக் கட்டம் மட்டும் சிலர் பிடரியில் தெரிந்தது. ஆனால் போன்? எல்லாம் வெளியே பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஆவியில் அம்மணமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் போனை எடுக்கச் சொல்ல வந்த வியாபாரி உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று மல்சுன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே கூலிக்கு முதுகு தேய்த்துவிடும் சுன்தோக் வேறு, "அக்கா, உன் துண்டு நல்லா சொரசொரன்னு இருக்கு. அழுக்கு நல்லா வருது" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு பானை பாசிச் சூப்போடு போனாள். குளித்துவிட்டு வெதுவெதுப்பான தரையில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் உறிஞ்சிக் குடித்துவிட்டு, "பாசி இருக்காடி? ஒரு கட்டு குடு" என்றார்கள். கை பழக்கம் விடுமா? கொண்டுபோன கட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தது. ராணி மாதிரி வீடு திரும்பினாள்.

யுன்ஹே திரையைத் திருப்பிக் காட்டினாள். சுத்தமாக ஒரு ஆர்டரும் இல்லை.

"உன் பழைய கடையத்தாம்மா குளியல் வீட்ல போட்டுட்டு வந்திருக்கே."

கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு பரிசு வைத்தால் தனக்குத்தான் என்று நினைத்தாள் மல்சுன்.

அதற்கடுத்த வாரம் சூப்பு மட்டும்தான் போனது.

"கட்டு எங்கடி?"

"எங்கிட்ட இல்ல. போன்ல இருக்கு."

"பிகு பண்ணாத. அடுத்த தெருவுல இருந்துகிட்டுப் போன்லயாம்."

"போன்ல வாங்கினா வாங்கு. இல்லன்னா கிண்ணத்தக் கீழ வை."

கிண்ணத்தைக் கீழே வைக்க யாருக்கும் மனசில்லை. உடுத்திக்கொண்டு, போனை எடுத்துவந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். துண்டு துவண்டு கிடந்ததால் கட்டம் போனுக்குப் பிடிபடவில்லை. மூலைக்கு ஒருத்தியாக நாலு பேர் பிடித்தார்கள்.

"இழுங்கடி, இன்னும் இழுங்க" என்று சுன்தோக் கத்தினாள்.

கடை திறந்தது. மல்சுன்னின் முகம் வந்தது.

"ஏண்டி, அன்னிக்குப் பல்லு வலியா உனக்கு?"

பணம் கட்டும் வழியை அவரவர் மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விலாசம் அடிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. ஒருத்தி சுவரில் எழுதியிருந்த குளியல் வீட்டு விலாசத்தையே போட்டாள். மற்றவர்கள், "அதையே போடு" என்றார்கள்.

வீட்டில் யுன்ஹே மிரண்டு போயிருந்தாள். "எல்லா ஆர்டரும் ஒரே விலாசத்துக்கு வருதும்மா. யாரோ கேலி பண்றாங்க."

"கேலியில்ல. கொண்டுபோய்க் குடு."

தள்ளுவண்டியோடு போனவளைச் சுன்தோக் விடவில்லை. "வந்தது வந்துட்டே, படு" என்று மேடையில் குப்புறப் போட்டுவிட்டாள். யுன்ஹே தோல் சிவந்து, தலையில் மஞ்சள் கொம்போடு சாயங்காலம்தான் திரும்பினாள். சியோல் பேச்சை எடுக்க மல்சுன்னுக்குத் தைரியமில்லை.

"அம்மா, அடுத்த தடவ துண்டு அடிக்கும்போது கட்டத்தப் பெரிசாப் போடணும். உன் படத்தையும் மாத்திடலாம்."

அடுத்த தடவையாம்.

"படம் இருக்கட்டும்" என்றாள், அந்தப் படத்தை அத்தனை நாள் திட்டித் தீர்த்தவள். "பல்வலிக்காரின்னாலும் ஊருக்குத் தெரிஞ்ச மூஞ்சி."

மகளின் கிண்ணத்தில் சூப்பை வழிய வழிய ஊற்றினாள்.