உயிரில்லாத மைக்

ஸ்பின்னிங் மில்லில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் உதடு அசைவதைப் பார்த்தே பேசிக்கொள்வோம். ராஜபாளையத்தில் நாலு வருஷம் மில்லில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இது வந்துவிடும். டிவிக்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என் முகத்தைக் காட்டியிருக்கவே மாட்டார்கள்.

தேர்தலுக்கு முன் ஒரு சேனல் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபத்தைப் பிடித்து, வேட்பாளர்களை உட்காரவைத்து விவாதம் நடத்தியது. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். அதை நம்பி ஷிப்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் பெண்டாட்டிக்காகத்தான் போனேன். மதினி இன்னொரு மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவள். தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் உட்கார்ந்துவிடுகிறாள். உனக்குப் பரம்பரை ஆஸ்துமா என்று சொல்லி மில்காரர்கள் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

ஹெட்போன் மாட்டிய ஒருவன் வரிசையாக வந்து, என்ன கேட்கப்போகிறீர்கள் என்று விசாரித்தான். சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது. அது லோக்கல் பிரச்சினை, பால்கோவா பற்றிக் கேட்டால் நேயர்கள் ரசிப்பார்கள் என்றான். பால்கோவா மட்டும் டெல்லிப் பிரச்சினையா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாற்றமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அவன் மேடையோரம் போய், நிகழ்ச்சி நடத்துபவரிடம் குனிந்து பேசினான். அவ்வளவு தூரத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நினைத்திருப்பான்.

"மூணாவது வரிசை, பச்சைச் சேலை. அந்தம்மாகிட்ட போறப்ப மைக்கை ஆஃப் பண்ணிருங்க. ஸ்பான்சரே மில்லுதான்."

ஒரு சொல் விடாமல் பார்த்தேன். மதினியை அனுப்பிய மில்லின் விளம்பரம் மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் மக்கள் குரல் என்று வாய் கூசாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மைக் ஊர்கோலம் போனது. ஒரு கல்லூரிப் பெண், ஒரு வேட்பாளரிடம் அவருக்குப் பிடித்த சினிமா எது என்று கேட்டாள். காலையில் அதே வேட்பாளரின் காரிலேயே வந்து இறங்கிய ஒரு ஆள் எழுந்து, உங்கள் எளிமைக்கு என்ன காரணம் என்று கேட்டான். மண்டபம் கைதட்டியது. கடைசியில் பெரிய மனசு பண்ணி என்னிடம் நீட்டினார்கள். உயிரில்லாத மைக் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

"பஞ்சுத் தூசியில மூச்சு போனவள மில்லு வெளிய தள்ளிட்டா, அவளுக்கு யாரு பொறுப்பு?"

நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். வேட்பாளர்கள் காதில் கைவைத்துக் கேட்காதது மாதிரி சிரித்தார்கள். மைக்கில் கோளாறு, நேரமும் முடிந்தது என்று சொல்லி வணக்கம் போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மைக்கால் அவர்கள் மண்டையில் ஒன்று போடலாமா என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். நிகழ்ச்சி முடியும் இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு, மக்கள் உற்சாகம் என்று எழுத்து ஓடவிட்டு, அதன் கீழே என் முகத்தைக் காட்டினார்கள். நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன், வாய் அசைகிறது, குரல் இல்லை. நானும் அவர்களோடு சேர்ந்து குதூகலிப்பதாக ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்ற திமிர். ஆனால் கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் மில் பெண்கள். நான் கேட்டதை எழுத்துப் பிசகாமல் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

மதினி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாள்.

"நல்லாத்தான் கேட்டிருக்க ஏட்டி. அவிய என்ன சொன்னாவ?"

திரையில் அதற்குள் அந்த மில்லின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.